850 அடியிலயும் புகைதான்: இன்னும் ஆழமா போட்டா தண்ணி வருமா?

நீங்க எழுதினதை சுருக்கமா திருப்பி சொல்லிடறேன், சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க. அரூர் பக்கம் 30க்கு 40 மனை. 850 அடி போர் போட்டீங்க, தண்ணி இல்லாம வெறும் கல்பொடிப் புகைதான் வந்துச்சு. நாப்பது அடி தள்ளி இருக்கற பக்கத்து வீட்டுல 320 அடியில தண்ணி. தேங்காய் வெச்சு நீரோட்டம் பாத்தவரும் மெஷின் வெச்சுப் பாத்தவரும் ஒரே பாயிண்ட்டைத்தான் காட்டினாங்க. அதனால பூமிக்கடியில நீரோட்டம்னு ஒண்ணு நிஜமாவே இருக்கான்னு கேக்கறீங்க. ஆனா உங்க மனசுல ஓடற கேள்வி கடைசி வரியிலதான் இருக்கு: போர் போடற ரிக்காரர் "வந்தது வந்தாச்சு, 1,200 வரைக்கும் போயிடலாம்"ங்கறார், போகலாமா வேண்டாமா? நான் புவியியல் படிச்சுட்டு தர்மபுரி, சேலம், நாமக்கல் பக்கம் நிலத்தடி நீர் பாக்கற வேலையில ரொம்ப வருஷமா இருக்கறவன், அதனால அந்தக் கேள்விக்கே பதில் சொல்றேன், ஆனா அதுக்கு முன்னாடி கீழ என்ன இருக்குன்னு கொஞ்சம் சொல்லியாகணும்.

ஆறு மாதிரி பூமிக்குள்ள ஒரு நீரோட்டம் ஓடுது, அது மேல கரெக்டா குத்திட்டா தண்ணி பீச்சி அடிக்கும்கறது உங்க ஊருக்குப் பொருந்தாது. சுண்ணாம்புப் பாறை கரைஞ்சு குகையா ஆன இடங்கள்ல அப்படி நிஜமாவே ஆறு ஓடும், ஆனா தர்மபுரி அந்த மாதிரி நிலம் இல்ல. தமிழ்நாட்டுல கிட்டத்தட்ட முக்கால் பங்கு கடினப் பாறை, மீதிதான் கடலோரமும் டெல்டாவும் சேர்ந்த படிவுப் பகுதி. நெய்வேலி பக்கம் போனீங்கன்னா மணற்கல் அடுக்கு முழுக்க தண்ணி, நிலக்கரிக்கு அடியில அழுத்தத்தோட நிக்குது, அதை ராத்திரி பகலா பம்ப் பண்ணி எடுத்தாதான் சுரங்கமே நடக்கும். அங்க நாப்பது அடி தள்ளிப் போட்டா என்ன, நானூறு அடி தள்ளிப் போட்டா என்ன, பெரும்பாலும் அதே தண்ணி அதே ஆழத்துல வரும். உங்க காலுக்குக் கீழ இருக்கறது வேற. சுமார் 250 கோடி வருஷப் பழைய பாறை, சார்னோகைட், நைஸ்னு சொல்ற கெட்டிக் கல் வகைகள். மணலை எடுத்துக்கிட்டா நாலுல ஒரு பங்குக்கு மேலயே காலி இடம், அந்த இடத்துல தண்ணி நிக்கும். இந்தப் பாறையில உடையாத துண்டை எடுத்தா நூத்துல ஒரு பங்கு கூட காலி இடம் கிடையாது. அப்ப தண்ணி எங்க நிக்குதுன்னா ரெண்டே இடத்துலதான். மேல பாறை மக்கிப் போய் மொரம்பும் பொடிக்கல்லுமா இருக்கற பகுதி ஒண்ணு, அதுக்குக் கீழ கெட்டிப் பாறையில இருக்கற வெடிப்புகள் இன்னொண்ணு. ரிக்காரங்க "கேப் விழுந்துச்சு"ன்னு சொல்றாங்களே, அந்த வெடிப்புதான் அது.

பக்கத்து வீட்டுக்கு 320ல வந்தது அப்படி ஒரு வெடிப்புல இருந்துதான், இதுல எனக்கு சந்தேகம் இல்ல. அது உங்க மனைக்கு ஏன் வரலங்கறதுக்கு பல காரணம் இருக்கலாம், அதுல முதல் காரணம் வெறும் கணக்கு. வெடிப்புங்கறது படுக்கையா விரிச்ச பாய் கிடையாது, ஏதோ ஒரு பக்கமா சாஞ்சிருக்கும். அது 45 டிகிரி சாஞ்சு உங்க பக்கம் இறங்குதுன்னா உங்களுக்கு 360 அடியில கிடைச்சிருக்கணும். கிட்டத்தட்ட செங்குத்தா, 85 டிகிரியில நிக்குதுன்னா அதே நாப்பது அடி தூரத்துக்குள்ள 450 அடிக்கு மேல இறங்கிடும், அதாவது உங்க போர்ல 775 அடி கிட்டதான் அதை தொடுவீங்க, அந்த ஆழத்துல அந்த வெடிப்பு திறந்தே இருக்கும்னும் சொல்ல முடியாது. அதே மாதிரி செங்குத்தா நின்னு எதிர்ப்பக்கமா சாஞ்சிருந்தா உங்க போர் எத்தனை ஆயிரம் அடி போனாலும் அதை தொடாது. இன்னொண்ணையும் யோசிச்சுப் பாருங்க, போரும் செங்குத்து, வெடிப்பும் செங்குத்துன்னா ரெண்டும் பக்கத்துலயே கடைசி வரைக்கும் இணையா போயிட்டு இருக்கும், சந்திக்கவே சந்திக்காது. ஆறரை இன்ச் ஓட்டை ஒண்ணு, அவ்வளவுதானே.

ரெண்டாவது காரணம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்கே உரியது. அங்க டோலரைட்னு ஒரு கருப்புக் கல் பட்டை பட்டையா பாறையை வெட்டிக்கிட்டு போகும், சில இடத்துல மைல் கணக்குல நீளும், வெளிய குண்டு குண்டா கருப்புக் கல் வரிசையா கிடக்கறதை பஸ்ல போகும்போதே பாக்கலாம். அந்தப் பட்டை உடையாம கெட்டியா இருந்தா பூமிக்குள்ள சுவர் வெச்ச மாதிரி தண்ணியைத் தடுத்துடும், மேட்டுப் பக்கம் தண்ணி தேங்கி நிக்கும், பள்ளத்துப் பக்கம் காயும். உங்க ரிக்ல இருந்து வந்த பொடி எந்த ஆழத்துல இருந்து கருப்பா, மாவு மாதிரி வர ஆரம்பிச்சுதுன்னு ஞாபகம் இருந்தா அது பெரிய தகவல். பல பேர் பொடியை கவனிக்கறதே இல்ல, தண்ணி வருதா வரலையான்னு மட்டும் பாத்துட்டு இருப்பாங்க. துளை போட இறக்கற ஒவ்வொரு ராடுக்கும் ஒரு பிடி பொடி எடுத்து வரிசையா கொட்டி வெச்சா, அதுல சிவப்பு மொரம்பு எங்க முடியுது, வெள்ளைக்கல் எங்க வருது, துருப்பிடிச்ச மாதிரி பழுப்பு நிறம் எந்த அடியில வருதுன்னு எல்லாம் தெரியும். பழுப்பு நிறம்னா அந்த இடத்துல எப்பவோ தண்ணி போய் வந்திருக்கு.

இப்ப ஆழம். மேல இருக்கற பாறையோட கனம் கீழ இருக்கற வெடிப்புகளை அமுக்கும். ஆயிரம் அடியில ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலயும் சுமார் 80 கிலோ பாரம் உக்காந்திருக்கு. அதனால பொதுவா கீழ போகப் போக வெடிப்போட எண்ணிக்கையும் குறையும், வாயும் சுருங்கும், தண்ணி தர்ற வெடிப்புல பெரும்பங்கு மேல இருக்கற முன்னூறு அடிக்குள்ளதான் இருக்கும். இது உலகம் பூரா இந்த மாதிரி பாறையில பாத்த விஷயம், தைரியமா சொல்லலாம். சந்தேகத்துக்கு இடம் எங்கன்னா, பூமித்தட்டு பழைய காலத்துல கிழிஞ்ச பட்டைகள் தமிழ்நாட்டுக்கு குறுக்க ஓடுது. பாலக்காடு கணவாய்ல இருந்து காவிரி வரைக்கும் ஒண்ணு, மோயாறு பவானி வழியா ஒண்ணு. அந்த மாதிரி பட்டை மேல இருந்தா ஆயிரம் அடிக்குக் கீழயும் தண்ணி கிடைக்கலாம், கோயமுத்தூர் பக்கம் ஆளாளுக்கு சொல்ற ஆயிரத்து இருநூறு அடிக் கதைகள்ல கொஞ்சம் நிஜம் இருக்கறது அதனாலதான். ஆனா கிடைச்சவர்தான் ஊரெல்லாம் சொல்லுவார், கிடைக்காதவர் கடனைக் கட்டிட்டு சும்மா இருப்பார், அதனால நம்ம காதுக்கு வர்ற கணக்கு எப்பவும் ஒரு பக்கமாதான் இருக்கும். ரிக் ரேட்டும் முன்னூறு அடிக்கு மேல நூறு நூறு அடியா ஏறிட்டே போகும், அதாவது வாய்ப்பு குறைவா இருக்கற அடிக்குத்தான் நீங்க அதிக காசு கொடுக்கறீங்க. ரிக்காரர் மேல தப்பு சொல்லல, அவருக்கு அடிக்கணக்குதான் வருமானம்.

ஆழத் தண்ணிக்கு இன்னொரு விலையும் இருக்கு. பாறையோட ரொம்ப காலம் ஒட்டிக் கிடந்த தண்ணியில ஃபுளோரைடு கரைஞ்சு ஏற வாய்ப்பு அதிகம். உங்க மாவட்டத்துல பல்லுல பழுப்புக் கறை, முட்டி வலின்னு தலைமுறையா இருக்கறதுக்கு அதுதான் காரணம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதுக்காக வந்ததுதான். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லது, வேற வழியே இல்லைன்னா 1.5 வரைக்கும்தான் ஏத்துக்கலாம்னு இந்தியத் தர அளவு சொல்லுது. கொதிக்க வெச்சா ஃபுளோரைடு போகாது, தண்ணி சுண்டறதால இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்யும். அதனால எந்த ஆழத்துல தண்ணி வந்தாலும் குடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடுங்க.

தேங்காய்க்கு வருவோம். கை தானா அசையறது பொய் நடிப்புன்னு நான் சொல்ல மாட்டேன், பாக்கறவருக்கே தெரியாம அவரோட தசை அசையுது. உள்ளங்கையில படுக்க வெச்ச தேங்காயோ, ரெண்டு கையால வளைச்சுப் பிடிச்ச வேப்பங்குச்சியோ, நூல் அளவு கை சாஞ்சாலே பெருசா புரளற நிலைமையிலதான் இருக்கும். மனசு எதிர்பார்க்கறதை தசை செஞ்சுடும்னு 1852லயே கார்ப்பென்டர்ங்கற இங்கிலாந்து மருத்துவர் விளக்கியிருக்கார். 1980கள் கடைசியில மியூனிக்ல இதை பெரிய அளவுல சோதிச்சுப் பாத்தாங்க. சுமார் 500 பேரை வடிகட்டி, நல்லா பாக்கறவங்கன்னு 43 பேரை எடுத்து, ஒரு தானியக் கொட்டகையோட கீழ்த்தளத்துல தண்ணி ஓடற பைப்பை இடம் மாத்தி மாத்தி வெச்சு, மேல்தளத்துல இருந்து கண்டுபிடிக்கச் சொன்னாங்க, மொத்தம் 843 தடவை. நடத்தினவங்க சில பேருக்கு நிஜமா திறமை இருக்குன்னுதான் எழுதினாங்க. அதே கணக்கை 1999ல எடுத்து அலசின என்ரைட்ங்கறவர், குருட்டாம்போக்குல சொல்றதுக்கும் இதுக்கும் உருப்படியா வித்தியாசம் இல்ல, ஒரு தடவை நல்லா சொன்னவர் அடுத்த தடவை கோட்டை விட்டார்னு காட்டினார். அப்புறம் எப்படி ஊர்ல பல பேருக்கு பலிக்குதுன்னா, முப்பது வருஷம் முன்னாடி மொரம்புலயே தண்ணி நின்ன காலத்துல எங்க குத்தினாலும் கொஞ்சம் வரும். அதோட அனுபவஸ்தர் வாய்க்கால் எந்தப் பக்கம் சரியுது, கோடையிலயும் எந்த மரம் பச்சையா நிக்குது, பக்கத்துக் கிணத்துல எந்தப் பக்கம் ஊத்துன்னு எல்லாம் பாத்துட்டுதான் தேங்காயை கையில எடுப்பார். அந்த அறிவை நான் மதிக்கறேன், தேங்காயைத்தான் நம்பல.

மெஷின் விஷயத்துல நான் என் தொழிலையே குறை சொல்லியாகணும். நாலு கம்பி அடிச்சு, வெளிப்பக்க ரெண்டுல கரண்ட் விட்டு, உள்பக்க ரெண்டுல வோல்டேஜ் அளந்து, கீழ இருக்கற பாறையோட மின்தடையைக் கணக்கு போடறது நல்ல அறிவியல், நூறு வருஷமா இருக்கறது. மக்கின பகுதி எவ்வளவு தடிமன், கெட்டிப் பாறை எங்க ஆரம்பிக்குதுன்னு அது நல்லா சொல்லும். ஆனா ஆழமா பாக்கணும்னா கம்பிகளை தூரமா கொண்டு போகணும், முன்னூறு அடி பாக்க வெளிக் கம்பி ரெண்டுக்கும் நடுவுல குறைஞ்சது ஆயிரம் அடி வேணும். 30க்கு 40 மனையில, ஒரு பக்கம் ரோடு, இன்னொரு பக்கம் காம்பவுண்டு சுவர், நடுவுல இ.பி. எர்த் கம்பி, தண்ணி பைப்புன்னு இருக்கற இடத்துல அது எப்படி முடியும்? அப்படியே இடம் இருந்தாலும் 600 அடிக்குக் கீழ இருக்கற ஒரு இன்ச் வெடிப்பை மேல நின்னு பிரிச்சுக் காட்டற வித்தை இந்த முறையில இல்ல. களிமண்ணும் உப்புத் தண்ணியும் கூட நல்ல தண்ணி மாதிரியே குறைஞ்ச தடை காட்டி ஏமாத்தும். கம்பியை தூரமா இழுக்காமலே கலர் கலரா படம் பிரிண்ட் போட்டுத் தர்ற புது மெஷின்கள் பூமியில இயற்கையா இருக்கற மின்காந்த அலையை அளக்கறதா சொல்றாங்க, கொள்கை அளவுல தப்பில்ல, ஆனா தலைக்கு மேல கரண்ட் லைன் போற தெருவுல அந்தப் படத்தை வெச்சு 850 அடிக்கு காசு போடச் சொல்ல எனக்கு மனசு வராது. ரெண்டு பேரும் ஒரே பாயிண்ட்டைக் காட்டினாங்களேன்னா, அந்த மனையில வீட்டுக்கும் செப்டிக் டேங்குக்கும் இடம் விட்டா ரிக் வண்டி நிக்கற இடமே ஒரு மூலைதான் மிச்சம் இருந்திருக்கும். இஸ்ரோவோட தொலையுணர்வு மையமான என்.ஆர்.எஸ்.சி. போட்ட நிலத்தடி நீர் வாய்ப்பு வரைபடம் கூட 1:50,000 அளவு, உங்க மனையோட 30 அடி அதுல கால் மில்லிமீட்டர் கூட வராது. எந்த ஏரியா நல்லதுன்னு அது சொல்லும், எந்த மூலைன்னு சொல்லாது.

சரி, 1,200க்கு போகறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க, காசு செலவில்ல. உங்க போர் நிஜமாவே வறண்டதான்னு பாருங்க. கம்ப்ரசர் காத்து அடிக்கும்போது சின்ன கசிவெல்லாம் பொடியோட கலந்து புகையாவே போயிடும், பொடி வெடிப்பு வாயை அடைச்சும் இருக்கும், ரிக்காரர் "தண்ணி இல்ல"ன்னு கிளம்பிடுவார். நூல்ல ஒரு கல்லைக் கட்டி ராத்திரி ஒரு தடவை, காலையில ஒரு தடவை இறக்கி எத்தனை அடியில தண்ணி சத்தம் கேக்குது, நூல் எங்க நனையுதுன்னு அளங்க. ஆறரை இன்ச் போர்ல ஒரு அடி உயரத்துக்கு சுமார் ஆறரை லிட்டர் தண்ணி நிக்கும். மணிக்கு பத்து அடி ஏறுதுன்னா 65 லிட்டர், ஒரு நாளைக்கு 1,500 லிட்டருக்கு மேல. அஞ்சு பேர் இருக்கற வீட்டுக்கு ஆளுக்கு 135 லிட்டர்னு அரசாங்கக் கணக்குப்படியே பாத்தாலும் 675 லிட்டர்தான் வேணும். மட்டம் ஏற ஏற வேகம் குறையும், அதனால இந்தக் கணக்குல பாதியைத்தான் நம்பணும், பாதின்னாலும் வீட்டுக்குப் போதும். விவசாயத்துக்கு "ரெண்டு இன்ச் தண்ணி" வேணும்னு பாக்கற கண்ணால வீட்டு போரைப் பாக்கக் கூடாது. வி நாட்ச்னு, V வடிவத்துல வெட்டின தகடு வழியா தண்ணியை விட்டு அளக்கறதுல ஒரு இன்ச்ங்கறது மணிக்கு 500 லிட்டர், ரெண்டு இன்ச்னா ஆயிரம் இல்ல, கிட்டத்தட்ட 2,900 லிட்டர். சில பேர் டெலிவரி பைப் அளவை வெச்சும் இன்ச் சொல்லுவாங்க, அது வேற கணக்கு, எதுன்னு கேட்டுக்கோங்க. உங்க 850 அடி குழி இந்த இடத்துல வீண் போகல, 200 அடியில மட்டம் நின்னா 4,000 லிட்டர் சும்மாவே உள்ள சேர்ந்து நிக்கும், மெதுவா கசியற போருக்கு ஆழம் ஒரு டேங்க்தான்.

ரெண்டு நாள் பாத்தும் கல் காஞ்சே வருதுன்னா, நான் உங்க இடத்துல இருந்தா 1,200க்கு போக மாட்டேன். அந்தக் காசுக்கு அதே மனையில முடிஞ்ச அளவு தள்ளி, பக்கத்து வீட்டு போர் பக்கமா இன்னொரு இடத்துல 350, 400 அடிக்கு ஒண்ணு போடறது ஓரளவு நியாயமான சூதாட்டம், ஏன்னா அங்க வெடிப்பு இருக்குன்னு தெரிஞ்ச தகவல் ஒண்ணு கையில இருக்கு. ஆனா அது அவங்க தண்ணியும்தான், ரெண்டு மோட்டாரும் ஒரே வெடிப்புல இழுத்தா ரெண்டும் கோடையில திணறும், அதனால அவங்ககிட்ட பேசாம போடாதீங்க. தெருவுல இருக்கற மத்த வீடுகள்ல எத்தனை அடியில வந்துச்சு, மேல மண் சரியாம இருக்க இறக்கற கேசிங் குழாய் எத்தனை அடி இறக்கினாங்கன்னு வரிசையா எழுதிப் பாருங்க, எந்த மெஷினை விடவும் அந்தப் பேப்பர் பிரயோஜனம். போர்ல அதிக அழுத்தத்துல தண்ணியைச் செலுத்தி அடைபட்ட வெடிப்பைத் திறக்கற ஹைட்ரோ ஃப்ராக்சரிங்னு ஒரு முறையும் உண்டு, குடிநீர் வடிகால் வாரியம் அவங்க போர்களுக்கு செய்யறதுண்டு, கொஞ்சமாவது கசிவு இருக்கற போர்ல பலன் கிடைக்கலாம், ஒண்ணுமே இல்லாத பாறையில எதிர்பாக்காதீங்க.

பல பேர் வறண்ட போர்ல மொட்டை மாடித் தண்ணியை விட்டுடலாம்னு சொல்லுவாங்க. வெடிப்பு இல்லாததாலதான் அது வறண்டுச்சு, தண்ணி வர வழி இல்லாத இடத்துல போகவும் வழி இருக்காது. அதுக்கு பதிலா மொரம்பு வரைக்கும் ஒரு உறை கிணறு தோண்டி, ஜல்லியும் மணலும் போட்டு அதுல விடுங்க. 1,200 சதுர அடி மனையில வருஷத்துக்கு 850 மில்லிமீட்டர் மழை பெய்யுதுன்னு வெச்சுக்கிட்டா மொத்தம் 95,000 லிட்டர். கடினப் பாறை நிலத்துல அதுல பத்துல ஒரு பங்கு உள்ள இறங்கினாலே நல்லது, அதாவது 9,500 லிட்டர், உங்க வீட்டுக்கு ரெண்டு வாரத்துக்கு வரும். மீதி அம்பது வாரத் தண்ணி எங்கிருந்து வருதுன்னா சுத்தி இருக்கற ஏரி, காடு, வயல்ல இறங்கினதுல இருந்துதான். மாடியில விழறதை மட்டும் ஒழுங்கா உள்ள விட்டாலே 60,000 லிட்டருக்கு மேல சேக்கலாம், 2003லயே சட்டம் போட்டு எல்லா வீட்டுலயும் குழாய் வெச்சாங்க, பல வீட்டுல அது இப்ப சாக்கடையிலதான் போய் விழுது.

போரை எந்த முடிவு எடுத்தாலும் இன்னிக்கே வாயை மூடிடுங்க, சாக்கு கட்டி கல் வைக்கறது மூடறது ஆகாது, கேசிங்குக்கு போல்ட் போட்ட இரும்பு மூடி வேணும். 2019ல மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில குழந்தை விழுந்தது கைவிட்ட போர்லதான். பயன்படுத்தவே போறதில்லைன்னா அடியில இருந்து மண்ணும் பொடியும் கொட்டி தரை மட்டம் வரைக்கும் நிரப்பிடுங்க. அதுக்கு முன்னாடி அந்த நூலும் கல்லும் வெச்சு அளந்த கணக்கையும், கேசிங் எத்தனை அடின்னும், கருப்புப் பொடி எங்க ஆரம்பிச்சுதுன்னும் இங்கயே எழுதுங்க, பாத்துட்டு சொல்றேன்.